பீடச் சுவரில் தண்ணீர் குடித்தவள்

ஓவியர் மாமாவைப் பற்றிச் சபையின் நினைவு மலருக்கு இனிமையாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ரயில்வே காலனியில் அவருக்கு எதிர் வரிசை வீட்டில் வளர்ந்தவள், சபைச் செயலாளரின் மகள், பள்ளிக்கூடத்தில் தமிழும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் நான்தான் எழுத வேண்டுமாம். நம் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் அவர் படம் ஒன்று வருகிறது. பனி மூடிய வீடு, மஞ்சள் வெளிச்சம் கசியும் ஜன்னல், வாசலை ஒட்டி ஓடும் ஓடை, அடியில் ஒரு வசனம். உடனே நீங்கள் எல்லோரும் கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் போடுகிறீர்கள். "பார்க்கும்போதே மனசுக்குச் சமாதானம்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்த மே மாதத்தில் என்னோடு நம் வேதக்கோயில் ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு நின்றவள் அவள். எல்லாவற்றையும் பார்த்தவள்.

இனிமையாக எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நம் பேரப்பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவர்கள். அவர்களுக்கு யாராவது படித்துக் காட்டக்கூடும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாமாவுக்குப் பகலில் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ரயில் பெட்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் போடுவார். நான்கு மணிக்குச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு, வராந்தாவில் காலண்டர் படம் வரைய உட்காருவார். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஒரு பெட்டி நிறைய பழைய கிறிஸ்துமஸ் அட்டைகளை விட்டுவிட்டுப் போனது. அதைப் பார்த்துத்தான் அவர் பனி வரையக் கற்றுக்கொண்டார். சுற்றிலும் பாறை, ஏப்ரலிலேயே தார் உருகும். அதன் நடுவில் உட்கார்ந்து பனியைப் போட்டுக்கொண்டிருப்பார். செகந்திராபாத் கடைவீதி அச்சகம் ஒன்று அவற்றைக் காலண்டராக அடித்து விற்றது. தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்று பாராமல் கிறிஸ்தவ வீடு என்றால் சுவரில் அவர் படம் தொங்கும். அந்த வீடுகளில் ஜன்னல் வெளிச்சம் இருக்கும், மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவரை மறந்திருப்பீர்கள்.

கோயிலைப் பெருக்கிக் கழுவிவிட்டு, காலனியின் கழிப்பறைகளையும் கழுவுகிற பெண். நம் அம்மாக்களைவிட வயதில் கொஞ்சம் இளையவர். அல்வால் பக்கம் ஏரிக்கரையில், எல்லோரும் செருவு என்று சொல்வோமே, அங்கே குடிசை. அவரும் நம் சபைதான். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், தரையில் உட்காருவார். எல்லோரும் ராப்போஜன அப்பமும் ரசமும் எடுத்து முடித்த பிறகு அவர் போய் எடுப்பார். பெரியவர்கள் அவரை "ஏய்" என்றோ "இந்தாம்மா" என்றோ கூப்பிட்டார்கள். பிள்ளைகள் நாம் அக்கா என்றோம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அன்றைக்கு ஒருத்தரும் கேட்காத பெயர் இன்றைக்கு மலரில் அலங்காரத்துக்கு வர வேண்டாம்.

தண்ணீர் கேட்டால் அக்காவுக்கு யாரும் டம்ளர் கொடுக்க மாட்டார்கள். குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொள்வார். என் அம்மா சொம்பைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஊற்றுவாள். பாதி முழங்கை வழியாக வழிந்து புடவையில் போகும். போதும் என்று சொல்லவும் முடியாது; வாய் நிறையத் தண்ணீர் இருக்கும். தலையை ஆட்டுவார். அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் நிறுத்துவாள். அம்மா கெட்டவள் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஊற்றினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் தாத்தாக்கள் ஏன் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள் என்று வீட்டில் கேட்டிருக்கிறீர்களா? ஊரில் நம்மைத் தெருவுக்குள் விடவில்லை. கிணற்றைத் தொட விடவில்லை. அங்கே யாரோ தூக்கி ஊற்றிய தண்ணீரைக் கை குவித்துக் குடித்தவர்கள்தான் இங்கே வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, குழாய் கிடைத்ததும் சொம்பைத் தூக்கிப் பிடித்தார்கள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

அந்த வருஷம் கோயிலுக்கு ஜூபிலி. பீடத்துக்குப் பின்னால் பெரிய வெற்றுச் சுவர் இருந்தது. மேய்ப்பனையும் புல்வெளியையும் அமைதியான தண்ணீரையும் பற்றிய சங்கீதம் இருக்கிறதே, அதைச் சுவர் நிறைய வரைந்து தரும்படி கமிட்டி மாமாவைக் கேட்டது. வழக்கமான ஓடையும் வீடும் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாவும் சரி என்றார்.

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. மூங்கில் சாரம் கட்டி, முன்னால் போர்வைகளைத் தைத்துத் திரை போட்டார்கள். மாமா லீவு எடுத்துக்கொண்டு உள்ளே இருந்தார். சுவருக்கென்று பவுடர் கலரை வாங்கி, பசை காய்ச்சி, மண் சட்டிகளில் குழைத்து வைத்திருந்தார். அந்தச் சட்டிகளின் ஓரத்தில் காய்ந்துபோன நீலம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. ஜன்னலில் ஏறினால் திரைக்கு மேலே கொஞ்சம் வானம் தெரியும். அது காலண்டர் வானமாக இல்லை. வெயிலில் வெளுத்துப்போன நம் வானம்.

சனிக்கிழமைகளில் அவர் சைக்கிளில் செருவுக்குப் போய்வருவதாக அத்தை, அதாவது அவர் மனைவி, அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கினு போறாரு. வெயில்ல கறுத்துப்போயி வர்றாரு. அங்க இன்னா இருக்குது, எருமைதான்." அந்தச் சனிக்கிழமைகளில் அக்கா வேலைக்கு வரவில்லை. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் திரையை அவிழ்த்தார்கள்.

நாம் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? முதலில் தெரிந்தது தண்ணீர். பச்சையும் பழுப்பும் கலந்த, கரையில் பாசி கட்டிய செருவுத் தண்ணீர். அந்தப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் நம் பாறைகள். ஈச்ச மரங்கள். கழுத்து வரைக்கும் முங்கிக் கிடக்கும் எருமைகள். தூரத்தில் மெல்லிய கோடாக ஒரு ரயில் புகை. முன்னால், ஆள் உயரத்துக்கு, ஒரு பெண் கரையில் மண்டியிட்டுக் குனிந்து தண்ணீரைத் தானே இரண்டு கைகளாலும் அள்ளி, குடிக்கப்போகும் நேரத்தில் தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள். நேராக நம்மைப் பார்க்கிறாள்.

"அக்கா," என்று எங்களில் யாரோ சொன்னது பின் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அக்கா தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த புடவை கட்டியிருந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மாமா பக்கவாட்டில், கை நகமெல்லாம் வர்ணமாக நின்றார். அவர் முகத்திலும் அதேபோல ஒரு சிரிப்பு. அந்த ஒரு நிமிடத்துக்காக அவரை மன்னிக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது. பிறகு தோன்றுவதில்லை.

பாஸ்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராகப் பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் கமிட்டி கூடியது. நான் உள்ளறை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாமாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள்.

அப்பாதான் தொடங்கினார். "நல்லாத்தான் இருக்குது. மலை, தண்ணி எல்லாம் நல்லா இருக்குது. அந்தப் பொம்பளைய மட்டும் எடுத்துடு."

"கைக்கு?" என்றார் மாமா. ஏன் என்று அர்த்தம். கூச்சம் வந்தால் அவருக்கு இந்த ஊர் ஹிந்திதான் வாயில் வரும்.

"இன்னா கைக்குன்ற? அங்கதான் முட்டி போட்டு ராப்போஜனம் வாங்கறோம். யாரு முன்னால முட்டி போடச் சொல்ற?"

பொருளாளர் குறுக்கிட்டார். "அதுக்கில்ல. கோயில்ல உருவம் கூடாதுன்னு இருக்குதுல்ல. விக்கிரகம் மாதிரி ஆயிடும்."

"பக்கத்து ஜன்னல் கண்ணாடில மேய்ப்பர் இருக்காரே," என்றார் மாமா. "வெள்ளக்காரரா, தங்க முடியோட. அது உருவம் இல்லியா?"

பாஸ்டர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற," என்றார் அப்பா.

டீ கொண்டுவந்த அம்மா தட்டோடு நின்றாள். கமிட்டியில் பெண்கள் பேசுவது கிடையாது, ஆனாலும் பேசினாள். "அவளுக்கு நான்தான் தெனம் தண்ணி ஊத்தறேன். அவ செவுத்துலேந்து என்னையே பாத்துக்கினு இருந்தா நான் எப்டி ஜெபம் பண்றது?"

அந்த அறையில் அன்றைக்கு யாரும் சொல்லாத உண்மையை அம்மா சொன்னாள். அவளுக்கே அது தெரியவில்லை. எல்லோரும் அதைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு காரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

மாமா சொன்னார்: "அவங்கள எடுத்தா அங்க ஓட்ட வுழும். மொத்தமும் அவங்களச் சுத்தித்தான் போட்டிருக்கறேன். நான் கை வெக்க மாட்டேன்."

"அப்ப நாங்க வெச்சுக்கறோம்," என்றார் அப்பா.

மாமா எழுந்து போயிருக்கலாம். கத்தியிருக்கலாம். டீயை எடுத்து, ஊதி ஊதி, முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில், காலையிலேயே, வெள்ளையடிக்கும் ஆட்கள் வந்தார்கள். சுண்ணாம்பு நீற்றிய தொட்டியிலிருந்து சூடான நெடி வந்தது. சுண்ணாம்பு அடித்தவுடனே மறைக்காது. ஈரமாக இருக்கும்போது பின்னால் இருப்பது தெரியும். காயக் காயத்தான் வெள்ளையாகும். அப்படி மெல்லிய வெள்ளைக்குப் பின்னால் எருமைகள் தெரிந்தன, பாறைகள் தெரிந்தன, அக்கா தெரிந்தார். ஜன்னல் கம்பியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறைகள் போய்விட்டன.

தரையெல்லாம் சுண்ணாம்பு சொட்டியிருந்தது. மறுநாள் ஆராதனை. அதைத் துடைக்க அக்காவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவருக்கு விஷயம் தெரியாது. வாளியும் துடைப்பமுமாக வந்து வாசலில் நின்றுவிட்டார்.

நான் கம்பியிலிருந்து குதித்து மாமா வீட்டுக்கு ஓடினேன். மே மாத வெயிலில் செருப்பில்லாமல் ஓடினது இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது. அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பனி வீடு. ஜன்னலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சுண்ணாம்பு அடிக்கறாங்க."

"தெரியும்மா."

"அக்கா அங்க நிக்கறாங்க மாமா. அவங்களையே தொடைக்கச் சொல்றாங்க."

பிரஷ் நின்றது. அத்தை உள்ளேயிருந்து, "காலண்டர்காரன் நாளைக்கு வந்து நிப்பான், அவர வுடுடி," என்றாள். அவர் என் காலைப் பார்த்தார்.

"வெயில்ல ஓடியாந்திருக்க. தண்ணி குடிச்சுட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, மறுபடி மஞ்சளைத் தொட்டார்.

நான் குடிக்கவில்லை. திரும்பி ஓடினேன்.

கோயிலில் அக்கா பீடத்துப் படிக்குக் கீழே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் நெற்றி வரைக்கும் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. கண்கள் இன்னும் தெரிந்தன. அப்பா பின்னால் நின்று, "சீக்கிரம் தொடச்சு வுடு, காஞ்சா போவாது," என்றார்.

"சார், நான் பெருக்கற வேலைக்கு வந்தேன். என் மூஞ்சிய நானே வழிச்சுப் போடறதுக்கு வரல."

"உன் மூஞ்சின்னு யாரு சொன்னது?"

"இல்லன்னா ஏன் சார் அடிக்கறீங்க?"

அக்கா வாளியையும் துடைப்பத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனார். குரலை உயர்த்தவில்லை. வெளிவாசல் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு நம் கோயிலுக்கு அவர் வரவே இல்லை. தரையை அன்றைக்கு நம் அம்மாக்கள் சேர்ந்து துடைத்தார்கள். காய்ந்துபோன சுண்ணாம்பு சுலபத்தில் போகவில்லை.

வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஜூபிலி நன்றாக நடந்தது. பொன்னாடை போர்த்தி மாமாவுக்கு மரியாதை செய்தார்கள். போர்த்தியது என் அப்பா. மாமா குனிந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் பேர் பெரிதானது. விஜயவாடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் வந்து படம் வாங்கிப் போனார்கள். திருமண அட்டை, கைக்கடக்கமான ஜெபப் புத்தகம், சர்ச் ஹால் என்று எங்கு பார்த்தாலும் அவருடைய பனிதான். ஜன்னல் மஞ்சள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. ஆள் கிடையாது, செருவு கிடையாது, பாறை கிடையாது. நீங்கள் மலரில் போடப்போவதும் அவற்றைத்தான்.

வெகு வருஷம் கழித்து, அல்வால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு மாற்றலாகி லோக்கல் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் எதிர் இருக்கையில் அக்கா. நரைத்திருந்தார். நான்தான் கண்டுபிடித்தேன். செயலாளர் மகள் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். கேட்கக் கூடாது என்று நினைத்தும் சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"செவுத்த விடும்மா. செவுரு அவங்களுது, அடிச்சிக்கிட்டாங்க. நான் ஒண்ணும் என்னைப் போடுன்னு கேக்கல. அவருதான் வந்து, 'நீங்க தண்ணி குடிக்கறது மாதிரியே இருங்க, நான் போட்டுக்கறேன்'னாரு. நான் நக்கோ, வேணாம்னேன். எல்லாரும் பாப்பாங்க, நல்லா இருக்கும்னாரு. வேலைய விட்டுட்டு மண்டி போட்டு உக்காந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவக் கூட்டிட்டு வந்து காட்டறேன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

ரயில் நின்று மறுபடி புறப்பட்டது.

"அவரு வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. இப்பிடி ஆயிடுச்சும்மான்னு. வீடு அவருக்குத் தெரியும். ஹவ், ஆமாம்மா, ரொம்ப நாளு சனிக்கிழமைன்னா ரோட்டப் பாத்துட்டே இருந்தேன்."

பிறகு என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். இப்போது அக்கா இல்லை.

மாமாவை நான் கடைசியாகப் பார்த்தது உப்பலில், அவர் மகனுடைய ஃப்ளாட்டில். படுக்கையில் இருந்தார். நான்கு சுவரிலும் பனி. பேச்சு தெளிவாக இருந்தது. அக்காவை ரயிலில் பார்த்ததையும் அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு இருந்தது.

வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"அப்புறம் எத்தனையோ தடவ போட்டுப் பாத்தேம்மா," என்றார். "தண்ணி வருது. கை வருது. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. மறந்துபோச்சு."

"ஒருக்கா செருவுக்குப் போயிப் பாத்திருக்கலாமே மாமா. சைக்கிள்ல போற தூரந்தான."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது," என்றார்.

அதைக் கேட்டு எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் உங்கள் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். இளகவில்லை. அப்பா மீது வந்த கோபத்தைவிட அதிகமான கோபம் வந்தது. அப்பாவுக்கு அக்கா யார் என்று கடைசி வரைக்கும் தெரியாது. இவருக்குத் தெரியும். அந்தக் கோடையில் நம்மில் யாருமே பார்க்காத மாதிரி அவரைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். பார்த்துவிட்டு, பனிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கையில் இருந்த திறமைக்கு நீங்கள் இப்போது பூ போடுகிறீர்கள். அந்தத் திறமைதான் என்னை இன்னும் கோபப்படுத்துகிறது.

இந்த எழுத்தில் எதையாவது எடுத்துவிட்டால் போடலாம் என்று தோன்றினால், முழுவதையுமே எடுத்துவிடுங்கள்.

எனக்கு வரைய வராது. மாமாவுக்கு மறந்துபோனது எனக்கு மறக்கவில்லை, அதை மட்டும் எழுதிவிடுகிறேன். அகலமான நெற்றி. இடது புருவத்தின் நடுவே பழைய வெட்டுக்காயம். அந்த இடத்தில் முடி முளைக்காது. மூக்குத்தி இல்லை, துளையில் துடைப்பக் குச்சியின் சிறு துண்டு. கன்ன எலும்புகள் உயர்ந்தவை. கீழுதடு மேலுதட்டைவிடத் தடிப்பு; அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறது, இன்னும் விழவில்லை. கண்கள் சிறியவை. கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை. தாகம் எடுத்தது, தண்ணீர் இருந்தது, குடிக்கிறேன், நீ யார் என்று கேட்கிற கண்கள்.